அண்ணன் குரலைப் பற்றி அம்மாவுக்கு

லிமெரிக்
அயர்லாந்து
சனிக்கிழமை ராத்திரி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வாரம் தவறாமல் வீடியோவில் முகம் பார்த்துப் பேசினாலும், மனசில் கிடப்பதை நீ காகிதத்தில்தான் எழுதுவாய். கடைசிப் பக்கத்தை டூட்டிக்குப் போகும் பஸ்ஸில் படித்தேன். அண்ணன் இறந்துபோவதற்கு முன் பாடிப் பதிந்து வைத்த பாட்டுகளை ஆல்பமாக்கத் தம்பியும் அவன் பாட்டுக்குழுக் கூட்டாளிகளும் அண்ணனின் போனைக் கேட்டு வந்தது, நீ அதை அலமாரியில் வைத்துப் பூட்டியது, மைனி ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குள் போனது எல்லாம் அறிந்தேன். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நீ கேட்ட மற்றதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதையோ மறைக்கிறேன் என்று நினைப்பாய்.

சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. அயிலை இங்கே மலிவு. குளிர்ந்த கடல் மீன் என்பதால் கொழுப்பு அதிகம், குழம்பு வைத்தால் மேலே எண்ணெய் மிதக்கும். குளச்சல் அயிலை மாதிரி வராது, ஆனால் குடம்புளி போட்டு மறுநாள் வைத்துச் சாப்பிட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஏமாறலாம். மரச்சீனி உறைந்த பாக்கெட்டாக மலையாளிக் கடையில் கிடைக்கிறது. அந்தக் கடைக்காரர் நான் பேசுவதைக் கேட்டு "பாறசாலையோ?" என்றார். "இல்லை சேட்டா, களியக்காவிளைக்கு இந்தப் பக்கம்" என்றேன். அன்றிலிருந்து பப்படக் கட்டு ஒன்று சும்மா போட்டுத் தருகிறார். மட்டிப்பழம் மட்டும் எங்கும் இல்லை.

குளிரைப் பற்றி நீ பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. மழைதான் ஓயாது. நம்ம ஊர் மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது, விடிந்ததிலிருந்து தூறிக்கொண்டே இருக்கும், துணி காயாது. ஹீட்டரை ராத்திரி கொஞ்ச நேரம் போடுகிறோம், பகலில் இரண்டு ஸ்வெட்டர் போதும். ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி கேட்டு வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் சும்மா இருந்தால் பொழுது போவதில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுப் பெரியவரை விசாரித்திருந்தாய். அவர் அப்படியேதான் இருக்கிறார். மழையிலும் அரை நிக்கரோடு வேலிச் செடி வெட்டிக்கொண்டு நிற்பார். வீடு முழுக்க இசைத்தட்டு. மாடிப்படியில்கூட ஒவ்வொரு படியிலும் ஓர் அடுக்கு, நடுவில் கால் வைக்க மட்டும் இடம். சோடா ரொட்டி சுட்டால் துணியில் பொதிந்து சூடாகக் கொண்டுவருவார். அதில் ஈஸ்ட் கிடையாது, மோரும் சமையல் சோடாவும்தான். மாவின் மேல் கத்தியால் சிலுவை கீறிவிட்டு அடுப்பில் வைப்பார்கள். புதன்கிழமை ரொட்டியோடு வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். தூக்கம் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. சரி என்று சாயா போட்டுக் கொடுத்து, அண்ணனைப் பற்றியும் அந்தப் போனைப் பற்றியும் சொன்னேன். கேட்டு முடித்ததும், இதே காரியம் இந்த ஊரிலேயே நடந்திருக்கிறது என்று ஆரம்பித்தார். அவர் சொன்னதையும், அப்புறம் நான் தேடிப் படித்ததையும் உனக்கு எழுத வேண்டும்.

அண்ணன் மார்த்தாண்டம் கல்லூரி விழாவில் 'ஸாம்பி' என்று ஓர் இங்கிலீஷ் பாட்டுப் பாடினானே, குரலை உடைத்து உடைத்து. நீகூட "ஏன்லே இப்படி விக்குற?" என்று கேட்டாய். அதைப் பாடிய கிரான்பெர்ரீஸ் குழு இந்த லிமெரிக் ஊர்ப் பிள்ளைகள்தான். 1993-ல் இங்கிலாந்தில் குண்டு வெடித்து இரண்டு சிறுவர்கள் செத்ததைத் தாங்காமல் அவர்களுடைய பாடகி எழுதிய பாட்டு அது. பெயர் டொலோரஸ் ஓ'ரியார்டன். பக்கத்தில் பாலிபிரிக்கன் என்ற கிராமத்துக்காரி, கோவிலில் பாடி வளர்ந்தவள். கிட்டார் நோயல் ஹோகன், பேஸ் அவன் தம்பி மைக், டிரம்ஸ் ஃபெர்கல் லாலர். அங்கேயும் அண்ணனும் தம்பியும் ஒரே குழுவில்.

2017-ல் அடுத்த ஆல்பத்துக்குப் பாட்டுக் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். நோயல் மெட்டைப் பதிவு செய்து அனுப்புவான், அவள் தான் இருக்கும் இடத்தில் பாடித் திருப்பி அனுப்புவாள். பிறகு ஸ்டூடியோவில் ஒழுங்காகப் பாடிக்கொள்ளலாம் என்று வைத்த மாதிரிப் பாட்டுகள் அவை. 2018 ஜனவரி 15 அன்று லண்டனில் ஓர் ஓட்டலில் இறந்துபோனாள். வயது 46. உடலை இங்கே செயின்ட் ஜோசப் கோவிலில் வைத்திருந்தபோது பெரியவர் வரிசையில் நின்று பார்த்திருக்கிறார். அவளுடைய பாட்டையே உள்ளே போட்டிருந்தார்களாம். சொல்லும்போது அவர் கையில் இருந்த சாயா ஆறிப்போனது. அவளை ஊரில் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

அப்புறம் நோயல் தன்னிடம் சேர்ந்து கிடந்ததைத் தேடிப் பார்த்தான். ஓர் ஆல்பத்துக்கு வேண்டிய அளவு அவள் குரல் இருந்தது. அம்மா, இதைக் கவனித்துப் படி. அவர்கள் நேரே ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. அவளுடைய குடும்பத்திடம் கேட்டார்கள். அவர்கள் சரி என்ற பிறகுதான் வேலையைத் தொடங்கினார்கள்.

1993-ல் முதல் ஆல்பத்தைத் தயாரித்த ஸ்டீபன் ஸ்ட்ரீட்டையே மறுபடி அழைத்து, 2018 ஏப்ரலிலேயே லண்டனில் உட்கார்ந்தார்கள். பொதுவாக வாத்தியம் எல்லாம் முடிந்த பிறகு பாடகி வந்து கடைசியில் பாடுவாள். இங்கே குரல் முதலிலேயே முடிந்து கிடந்தது, அது எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறதோ அதற்குத் தக்கபடி டிரம்ஸும் கிட்டாரும் வந்து சேர வேண்டியிருந்தது. இன்னொரு முறை பாடு என்று கேட்க வழியில்லை. துணைக்குரலுக்கு, முன்பு மேடையில் அவளோடு பாடிய ஜோஹன்னா கிரானிச்சைக் கூப்பிட்டார்கள். வேறு குரலைக் கொண்டு அவள் இடத்தை நிரப்பவில்லை. ஓர் ஆண்டு நிறைந்த அதே ஜனவரி 15 அன்று முதல் பாட்டு வந்தது, 2019 ஏப்ரல் 26-ல் 11 பாட்டோடு 'இன் தி எண்ட்' ஆல்பம் வந்தது. கிராமி விருதுக்கும் பரிந்துரையானது. அதோடு அந்தக் குழுவை முடித்துக்கொண்டார்கள். புதுப் பாடகியை வைத்து அந்தப் பெயரை இழுத்துக்கொண்டு போகவில்லை. அந்த இடம்தான் எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடிய இடம்.

"செத்த பிள்ளையின் குரலை எதற்குத் தோண்டி எடுக்கணும்?" என்று எழுதியிருக்கிறாய். அம்மா, அவன் எதையும் ஒளித்து வைத்துவிட்டுப் போகவில்லை. ஊர் கேட்கட்டும் என்றுதான் பாடி வைத்தான். ஆல்பம் வரும் என்று பளுகல் முதல் பாறசாலை வரை சொல்லிக்கொண்டு திரிந்தான். பெருநாளுக்கு நம்ம பக்கத்துக் கோவில்களிலும், ஓணத்துக்கு அந்தப் பக்கத்துக் கிளப்புகளிலும் பாடிப் பாடித்தான் அந்தப் பிள்ளைகள் கிட்டார் வாங்கினார்கள். அந்தப் பாட்டுகளில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது. அவர்களை வாசலில் நிறுத்திப் பேசாதே.

ஆனால் தம்பி சொன்ன இன்னொரு காரியத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். திருவனந்தபுரத்தில் யாரோ கம்ப்யூட்டரில் அண்ணன் குரலையே உண்டாக்கி, மீதிச் சரணத்தைப் பாட வைப்பார்கள் என்கிறானே, அது வேண்டாம். அவன் பாடாததை அவன் பாடினான் என்று ஊருக்குச் சொல்வது பொய். அவன் பிள்ளை நாளை அதைக் கேட்டு, எது அப்பா எது மிஷின் என்று தெரியாமல் நிற்கக் கூடாது.

இதற்கும் ஒரு வழி பெரியவரே சொன்னார். குயீன் குழுவின் ஃப்ரெடி மெர்குரியைத் தம்பிக்குத் தெரியும். பார்சிக் குடும்பத்துப் பிள்ளை, பஞ்ச்கனியில் ஸ்கூல் படித்தவர். நோய் முற்றிய 1991-ல் சுவிட்சர்லாந்தில் மோன்த்ரோ ஏரிக்கரை ஸ்டூடியோவில், எனக்குப் பாட ஏதாவது கொடுத்துக்கொண்டே இருங்கள், மீதியை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாடியிருக்கிறார். ஒரு பாட்டில் கடைசிச் சரணத்துக்கு முன்னால் களைத்துப்போய், அப்புறம் வந்து பாடுகிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை. அந்த நவம்பர் 24-ல் இறந்தார். ஆல்பம் 1995-ல்தான் வந்தது. அந்தச் சரணத்தை கிட்டார் வாசிக்கும் பிரையன் மே தன் சொந்தக் குரலிலேயே பாடி முடித்தார். கேட்டால் ஆள் மாறுவது நன்றாகத் தெரியும். தெரியட்டுமே. அண்ணன் வார்த்தை இல்லாமல் முனகிவிட்ட அந்தச் சரணத்தைத் தம்பியே எழுதி, தம்பியே பாடட்டும். அவனுக்குச் சுருதி கொஞ்சம் தாழும், அதனால் ஒன்றுமில்லை.

அம்மா, அதில் ஒரு பாட்டு என்னிடமும் இருக்கிறது. போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் எனக்கு அனுப்பினான். ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் வைத்துப் பதிவு செய்தது. தகரத்தில் மழை விழுகிறது. பல்லவி முடியும் இடத்தில் ரோலர் ஒரு முறை கிறீச்சிடுகிறது. அதற்கப்புறம் தூரத்தில் நீ "மக்ளே, சாயா ஆறுது, குடிச்சிட்டுப் பாடுலே" என்கிறாய். அவன் சிரித்துக்கொண்டே அடுத்த வரியைப் பிடிக்கிறான். டூட்டி முடிந்து வந்து ஸ்வெட்டரைக் கழற்றாமல் அதைத்தான் கேட்கிறேன். அவன் குரலுக்காகக் கேட்கிறேனா உன் குரலுக்காகவா என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு அங்கே வர வேண்டும் போல் இருக்கிறது அம்மா. உன் பக்கத்தில் அந்தத் திண்ணையில் ஒரு நாள் படுத்துத் தூங்கினால் போதும். டிக்கெட் விலை இறங்கட்டும், பார்க்கலாம்.

தம்பியிடம் சொல், அந்த மழையையும் உன் சத்தத்தையும் சுத்தம் செய்கிறேன் என்று வெட்டிவிடக் கூடாது.

சரி, இனி காரியத்துக்கு வருகிறேன். போனைப் பூட்டி வைத்தால் பேட்டரி வீங்கி உள்ளே இருப்பதும் போய்விடலாம். நாளைக்கே எடுத்து, மைனி கையில் கொடு. முடிவு அவள் சொல்வதுதான், நீயோ நானோ தம்பியோ இல்லை. அவள் வேண்டாம் என்றால் பிள்ளைகள் பேச்சை விட்டுவிட வேண்டும். சரி என்றால், மார்த்தாண்டத்துக்கு அவளும் தம்பியும் சேர்ந்து போய், எல்லாவற்றையும் இரண்டு ஹார்டு டிஸ்கில் நகல் எடுக்கட்டும். ஒன்று நம் வீட்டில், ஒன்று அவள் அம்மா வீட்டில். வேலையெல்லாம் நகலில்தான் நடக்க வேண்டும். பாட்டால் வருகிற காசில் அண்ணன் பங்கு மைனி கணக்குக்குப் போக வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்.

கீழவிளைச் சித்தப்பா எல்லைக் கல்லைப் பற்றி மறுபடி பேச வந்தால், சர்வேயர் அளக்காமல் எதற்கும் தலையாட்டாதே. மழைக்கு முன் மரங்களுக்குப் பிளாஸ்டிக் கட்ட ஆள் சொல்லிவிடு, போன வருடம் மாதிரிப் பால் வெட்டு நின்றுபோக வேண்டாம். இந்த மாதப் பணம் பத்து நாள் பிந்தி வரும். இங்கே பேங்கில் ஏதோ மாற்றம், வேறொன்றுமில்லை. அதுவரை கூட்டுறவு சங்கத்தில் தவணை கேட்டுக்கொள்ளலாம், செயலாளரிடம் தம்பியைப் போகச் சொல். குட்டியின் ஸ்கூல் பீஸை மட்டும் நிறுத்தாதே, அதை நான் தனியாக மைனிக்கு அனுப்புகிறேன். அவள் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைத் தெளிவாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல், போன தடவை அனுப்பியதில் கடைசி இரண்டு எண் தெரியவில்லை.

அன்பு முத்தங்களுடன்,
உன் மகள்