அணிகளை ஒப்பித்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ் இலக்கியம் படிக்கும் நம் சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலர் அணிகளின் விளக்கத்தைப் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். புதிய கவிதையைக் கொடுத்தால் மட்டும் தடுமாறுகிறார்கள். 'மலர்முகம்' உவமை, முகத்தையே மலராக்கும் 'முகமலர்' உருவகம். இது சீக்கிரம் புரிந்துவிடும்.

சிரமம் தற்குறிப்பேற்ற அணியில்தான். இயல்பாக நடக்கும் ஒன்றின்மீது கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வது அது. மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில்தான் அசைந்தன. கோவலனையும் கண்ணகியையும் 'வராதீர்கள்' என்று கைகாட்டித் தடுப்பதுபோல் அசைந்தன என்கிறார் இளங்கோவடிகள். அங்கே என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தவருக்கு நெஞ்சு பதறும். கதையே தெரியாமல் வரியை மட்டும் மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

முதலில் கதையைச் சொல்லுங்கள். அப்புறம் வெளியே அழைத்துப்போய், நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களைக் காட்டுங்கள். வானம் இருண்டு மழை வந்தால் அவற்றின் இலைகள் மடங்கிக்கொள்ளும். 'அடியில் இருக்கும் புல்லும் நனையட்டும் என்று மரம் வழிவிட்டது' என ஒரு மாணவி எழுதினால், அந்த அணி அவளுக்கு வசப்பட்டுவிட்டது.

அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்கிறது. அத்தனையும் வேண்டாம், ஐந்தாறு போதும். உங்கள் நாளிதழில் வாரம் ஓர் அணி, அதற்கு ஒரு பழைய வரி, மாணவர் ஒருவர் சொந்தமாக எழுதிய ஒரு வரி என வெளியிடுங்கள். ஏப்ரல் மாதத் தமிழ் மொழி விழாவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வாசகர் ஒருவர்,
தோ பாயோ