சுண்டலை நசுக்கிக் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

அங்கன்வாடியில் சின்னஞ்சிறுசுகளுக்கு மதியச் சாப்பாடும் வாரம் மூன்று முட்டையும் கிடைப்பது பெரிய விஷயம். வீட்டில் அடம்பிடிக்கும் என் பேத்தி, அங்கே பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் தட்டைக் காலி செய்கிறாள். கவலையெல்லாம் சுண்டல் நாளில்தான். கொண்டைக்கடலையை முழுசாகவே தட்டில் போடுகிறார்கள். இரண்டு வயதில் பின் கடைவாய்ப் பல் முளைத்தும் முளைக்காமலும் இருக்கும். ஓடிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ தின்றால் ஒரு கடலை போதும், மூச்சுக்குழாயை அடைத்துவிடும். வேர்க்கடலை, முழுத் திராட்சைக்கும் இதே கதைதான். கரண்டியால் நசுக்கி, உட்கார வைத்துக் கொடுத்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். ஆனால், ஒரே ஆள் பிள்ளைகளையும் பார்த்துப் பதிவேடும் எழுதினால் யார் நசுக்குவது?

அப்புறம், தொண்டை அடைத்தால் நம் ஆட்கள் உச்சந்தலையில் தட்டுவார்கள், தண்ணீர் புகட்டுவார்கள். இரண்டும் உதவாது. குழந்தையை முன்பக்கம் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் கடலை இன்னும் உள்ளே போகும். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்கள் இந்த முதலுதவியை ஊழியர், உதவியாளர் இருவருக்கும் பொம்மையை வைத்துச் செய்துகாட்ட அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்