நாணயச் சேகரிப்பாளர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல இரண்டாவது ஞாயிறுகளில் நடந்தன. நவம்பர் கூட்டம் மட்டும் மழையால் தள்ளிப்போனது. புதிதாகச் சேர்கிறவர்கள் முதலில் கேட்பது, "என்கிட்ட இருக்கிற காசு எவ்வளவுக்குப் போகும்?" என்பதைத்தான். காசு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கத் தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் இந்த ஆண்டைத் தரம் பார்க்கப் பழகுவதற்கே ஒதுக்கினோம்.

பாடத்துக்கு எடுத்துக்கொண்டது ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய். எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம். உறுப்பினர்கள் கொண்டுவந்த காசுகளை மேசையில் பரப்பி, அதிகம் தேய்ந்ததில் தொடங்கி தேயாதது வரை வரிசையாக வைக்கச் சொன்னோம். மேடான இடம்தான் முதலில் தேயும். காசில் உள்ள மன்னர் உருவத்தின் கிரீட வேலைப்பாட்டையும், மார்புச் சங்கிலியில் இருக்கும் யானையையும் லென்ஸில் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். 1911 ரூபாயில் அந்த யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று ஆட்சேபம் எழுந்து, காசைத் திரும்பப் பெற்று, 1912இல் உருவத்தைத் திருத்தினார்கள். அந்தக் கதைக்காகவே 1911 காசுக்குத் தனி விலை. ஆனால் யானையே மழுங்கிப்போன காசுக்கு அந்த விலையைக் கொடுப்பானேன்?

மதிப்பெண் போட, வில்லியம் ஷெல்டன் 1949இல் அமெரிக்கச் சென்ட் காசுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவையைப் பயன்படுத்தினோம். 60இலிருந்து மேலே புழக்கத்துக்கே போகாத காசு. ஒரே காசுக்கு ஒருவர் 58, இன்னொருவர் 62 போட்டு, டீ ஆறும் வரை வாதாடினார்கள். விலை எகிறுவதும் அந்த இடைவெளியில்தான் என்பதால் வாதத்தை நான் நிறுத்தவில்லை.

நம் வீட்டுக் காசுகளுக்கு இரண்டு வினைகள் உண்டு. ஒன்று, புளியும் விபூதியும். அப்படித் தேய்த்த காசு பளபளக்கும்; ஆனால் விளக்கடியில் சாய்த்துத் திருப்பினால் அச்சடித்தபோது இருந்த ஒளி சுழலாது, மெல்லிய கீறல்கள்தான் தெரியும். இன்னொன்று காசுமாலை. விளிம்பில் வளையம் பற்றவைத்த தடத்தை அரம் போட்டு மறைத்திருப்பார்கள். இரண்டுமே விலையைக் கீழே இறக்கிவிடும்.

ஆகஸ்ட் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், கண்காட்சி ஒன்றில் வாங்கிய 1939 ரூபாயைக் காட்டினார். அரிய ஆண்டு, போலியும் அதில்தான் அதிகம். எடை சரியாக இருந்தது. அப்புறம் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி அடியைத் தொடாமல் அமிழ்த்தினோம். அப்போது தராசு காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடையை. நல்ல ரூபாய் என்றால் 1.13 கிராம் அளவில் காட்ட வேண்டும், இது 1.3 காட்டியது; அதாவது அதே எடைக்குப் பருமன் அதிகம். வெள்ளி இல்லை. ரசீதும் இல்லை, பணமும் திரும்பவில்லை.

பொது நிதி திரட்டிக் காசுகளில் முதலீடு செய்யலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. தேய்ந்த சாதாரண ரூபாய்க்கு வெள்ளி விலைக்கு மேல் பெரிதாகக் கிடைக்காது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள பள்ளத்தை நிரப்பவே வருடங்கள் ஆகும். வெளிநாட்டுக்கு அனுப்பிக் கிரேடு (தரச் சான்று) வாங்கலாமே என்றார்கள் சிலர். 100 ஆண்டைத் தாண்டிய காசு 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள், தனியார் அதை நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது. சொந்தப் பணத்தில் வாங்குகிறவர்கள், பத்து சுமார் காசுகளுக்குப் பதிலாக ஒரு நல்ல காசு வாங்குங்கள் என்பது என் கருத்து.

வைஷ்ணவ தேவி படம் போட்ட காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்ற அழைப்புகள் இன்னும் வருகின்றன. இப்படிப்பட்ட மோசடிகள் பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்துவிட்டது. குடும்பத்தாரிடமும் சொல்லிவையுங்கள்.

துல்லியத் தராசு வாங்கிய செலவு உட்பட வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வரும் ஆண்டில் 1862 என்ற எண்ணையே பல ஆண்டுகள் தாங்கி வந்த விக்டோரியா ரூபாய்களையும், அவற்றின் புள்ளிக் குறிகளையும் பார்க்கவிருக்கிறோம். சங்கத்தின் லென்ஸ்களில் இரண்டு இன்னும் திரும்பவில்லை. எடுத்துப் போனவர்கள் ஏப்ரல் கூட்டத்துக்குள் கொண்டுவந்து கொடுத்துவிடவும்.

செயலாளர்