எங்கட பெடியனைத் துரோகி எண்ட தெரிவுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமார், அண்ணைமார் எல்லாருக்கும் வணக்கம்.

போன மாசம் நடந்த சைக்கிள் ரேஸை நான் முதல்ல இருந்து சொல்லத் தேவையில்லை, நீங்களே வான் பிடிச்சுப் பின்னால வந்தனீங்கள், எல்லாம் பாத்தனீங்கள். கடைசி ஆறு கிலோமீற்றரில கிளிநொச்சி மாவட்ட ஜேர்சியோட ஒருத்தன் கழண்டு முன்னுக்குப் போக, என்ர மருமகன் அவனைத் துரத்தேல்லை. அதுதான் குற்றம். அதுக்கு ஒரு வருசம் மாவட்ட ரீமில எடுக்கமாட்டம் எண்டு கடிதம் தந்திட்டியள், சரி, அது உங்கட அதிகாரம் எண்டு வைப்பம். ஆனா வான் யன்னலால தலையை வெளிய போட்டு "துரோகி" எண்டு கத்தினது ஆற்ற அதிகாரம்? இந்த ஊரில அந்தச் சொல்லுக்கு என்ன பாரம் எண்டு உங்கட வயசு ஆக்களுக்கு நான் சொல்லித்தர வேணுமே? பத்தொன்பது வயசுப் பெடியன் ஐயா அவன்.

நான் கேக்கிறது ஒண்டுதான், அந்தச் சொல்லை எழுத்தில திருப்பி எடுங்கோ.

முன்னுக்குப் போனவன் ஆர் எண்டும் உங்களுக்குத் தெரியும். எங்கட கிளப் பெடியன்தான், வேலைக்கெண்டு கிளிநொச்சி போனதால அந்த மாவட்டத்துக்கு ஓடுறான், சனி ஞாயிறு வந்தா விடிய நாலரைக்கே பலாலி றோட்டில ரெண்டு பேரும் நிப்பாங்கள். ஒருத்தன் முன்னுக்கு நிண்டு காத்தை வெட்ட மற்றவன் பின் சில்லோட ஒட்டிக்கொண்டு மூச்சு எடுப்பான், பேந்து மாறுவாங்கள், இப்பிடி மூண்டு வருசம். அண்டைக்கு மருமகன் ஓடின பின் சில்லே அவன் கழட்டிக் குடுத்த சில்லு. மாவட்டம் குடுத்தது ஒரு ஜேர்சியும் ஒரு பக்கற் குளுக்கோசும். கூட்டாளி எண்டதாலதான் துரத்தேல்லை எண்டதை நான் மறைக்க வரேல்லை. ஆனா துரத்தியிருந்தா பின்னால ஒட்டிக்கொண்டு வந்த மற்ற மாவட்டக்காரர் ரெண்டு பேரையும் சும்மா இழுத்துக்கொண்டு போய் முடிவு லைனில விட்டிருப்பான், அதையும் ஒருக்கா யோசியுங்கோ.

அந்த ஜேர்சிக் கதைக்கு வாறன். ஓடி முடிச்சு, கால் இறுகிப்போய், சைக்கிளை மதிலில சாத்திப்போட்டு நிலத்தில இருந்தவனிட்ட உங்கட ஆள் ஒருத்தர் வந்து "ஜேர்சியைக் கழட்டு, அது மாவட்டச் சொத்து" எண்டார். அவனுக்கு விரல் நடுங்குது, முதுகில குத்தின நம்பர் துணியின்ர ஊசி நாலையும் கழட்ட ஏலாமல் நான்தான் போய்க் கழட்டினனான். வேர்வையோட தோலில ஒட்டியிருந்த ஜேர்சியைத் தலையால உரிச்சுக் குடுத்தான். அதைச் சுருட்டிக் கக்கத்துக்குள்ள வச்சுக்கொண்டு உவர் போயிட்டார். மற்றப் பெடியள் எல்லாம் ஜேர்சியோட நிண்டு போட்டோ எடுக்க, இவன் பெனியனோட ஒரு கரையில நிண்டவன். வீட்டை வரும்வரைக்கும் ஒரு சொல்லும் பறையேல்லை. தமக்கை தேத்தண்ணி குடுக்க, கப்பைப் பிடிச்சபடி அப்பிடியே இருந்தான்.

நீங்கள் 2013 புளோரன்ஸ் உலக சம்பியன்ஷிப்பை ஒருக்கா யூரியூப்பில பாருங்கோ. உலக சம்பியன்ஷிப் எண்டா நாட்டு ஜேர்சி, வருசத்தில மற்ற நாள் அநேகமா சம்பளம் குடுக்கிற கொம்பனி ஜேர்சி. கடைசியில ஸ்பெயின்காரன் ரொட்ரிகஸ் தனிய முன்னுக்குப் போறான், பின்னால இன்னொரு ஸ்பெயின்காரன் வல்வெர்டே, அவரோட நிண்ட போர்த்துக்கல்காரன் ருயி கோஸ்டா திடீரெண்டு பாயிறான். கோஸ்டாவும் வல்வெர்டேயும் மூவிஸ்ரார் எண்ட ஒரே கொம்பனி ரீம். வல்வெர்டே பின்னால போகேல்லை. கோஸ்டா ரொட்ரிகஸைப் பிடிச்சு ஸ்பிரிண்டில வெண்டிட்டான், ரொட்ரிகஸ் மேடையில நிண்டு அழுதான், வல்வெர்டே மூண்டாமிடம். ஏன் போகேல்லை எண்டு ஸ்பெயினில திட்டு எண்டா அப்பிடித் திட்டு. ஆனா ஜேர்சியை உரியேல்லை. 2018 இல இன்ஸ்புருக்கில, 38 வயசில, அதே வல்வெர்டேதான் ஸ்பெயினுக்கு உலக சம்பியனுக்குக் குடுக்கிற வானவில் ஜேர்சி எடுத்துக் குடுத்தது.

பிரான்ஸில நடக்கிற பெரிய சைக்கிள் ரேஸ் ரூர் து பிரான்ஸே 1930 இல இருந்து 1961 வரைக்கும் நாட்டு ரீமாத்தான் ஓடினது, பிறகு 67, 68 எண்டு ரெண்டு வருசம் திரும்பவும் வச்சுப் பாத்து, 69 இல இருந்து நிரந்தரமா கொம்பனி ரீம். 1959 இல பிரான்ஸ் ரீமில ஓடின அங்கெத்திலும் ரிவியேரும், பிராந்திய ரீமில ஓடின இன்னொரு பிரெஞ்சுக்காரன் அங்லாட் வெல்லுறதை விட ஸ்பெயின்காரன் பஹாமொந்தெஸ் வெல்லட்டும் எண்டு விட்டவங்கள், பாரிஸ் நகரத்தில சனம் விசிலடிச்சு அங்கெத்திலை அவமானப்படுத்தினது. அது கனக்க காசுக் கணக்கு, நியாயம் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா அதே அங்கெத்தில் 61 இல இருந்து 64 வரை தொடர்ந்து நாலு தரம் வெண்டவர். நீங்கள் அங்க குழுவில இருந்திருந்தா ஆளை 59 இலயே வீட்டை அனுப்பியிருப்பியள்.

மாவட்டப் பற்றைப் பற்றிக் கதைக்கிறியள், நல்லது. ரேஸ் நடுவில ஒரு தனியார் பஸ் கோன் அடிச்சுக்கொண்டு பெடியளை மதிலோட நெரிச்சு ஓவர்டேக் பண்ணினது, றோட்டை மறிக்க ஒருத்தரும் இல்லை. அந்த ட்ரைவருக்கும் மாவட்டப் பற்றுக் குறைவுபோல, அவருக்கும் ஒரு வருசத் தடைக் கடிதம் குடுத்திருக்கலாம். முடிவில விருந்தினருக்குக் குசன் கதிரை, மாலை, பொன்னாடை, முக்கால் மணித்தியாலம் பேச்சு. ஓடி வந்த பெடியளுக்குத் தண்ணிப் போத்தல் முடிஞ்சுதாம். பெற்றோல் இல்லாத காலத்தில சைக்கிள் உழக்கியே சீவிச்ச சனம் நாங்கள், டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டனாங்கள், சைக்கிளைப் பற்றி எங்களுக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினைச்சிட்டியளாக்கும்.

கோவத்தில எங்கயோ போயிட்டன், குறை நினைக்காதேங்கோ. உங்களில ரெண்டு பேர் எனக்குப் படிப்பிச்ச ஆக்கள், அந்த மரியாதை இண்டைக்கும் இருக்கு. தடையைக் குறைக்கிறதோ விடுறதோ நீங்கள் இருந்து கதைச்சு முடிவெடுங்கோ, அடுத்த முறை ஆருக்காக ஆர் ஓடவேணும் எண்டதை ரேஸுக்கு முதலே பெடியளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கோ. ஆனா அந்தச் சொல்லைத் தயவுசெய்து எழுத்தில திருப்பி எடுங்கோ, கத்தினவர் பேர்கூடப் போடத் தேவையில்லை.

அண்டைக்கு நீங்கள் வாங்க மறந்த நம்பர் துணி எங்கட வீட்டிலதான் கிடக்கு, ஊசி நாலும் இருக்கு. அதுவும் மாவட்டச் சொத்துத்தானே, ஆளை அனுப்பி எடுங்கோ, வரேக்க கடிதத்தையும் குடுத்துவிடுங்கோ.

இப்படிக்கு,
அந்தப் பெடியன்ர மாமா