கப்பல் நேரப் பலகைக்கு ஒரு கூரை வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். பழைய தனுஷ்கோடித் துறைமுகத்தில் கப்பல் நேரம் எழுதிவைத்த பலகையின் நினைவாகத் தங்கச்சிமடத்தில் நாம் கட்டிவரும் கப்பல் நேரக் கூடத்துக்கு நாலு சுவரும் எழும்பிவிட்டன. மேலே கூரை இல்லை. தூண்களின் தலையில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. உப்புக்காற்றில் கம்பி என்ன ஆகும் என்று இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி மழை இறங்குவதற்குள் தளம் போட வேண்டும். டிசம்பர் 22, 1964இல் தனுஷ்கோடியில் புயலடித்த இரவின் 61ஆம் வருஷ நினைவு நாளில் கூடத்தைத் திறப்பதாகப் பெரியவர்களிடம் வாக்குக் கொடுத்திருக்கிறோம். கையிருப்பு தீர்ந்துவிட்டது. குறைவது ₹6,75,000.

"எதுக்கு இந்தக் கூடம், ஊரில் வேறு வேலை இல்லையா?" என்று வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. தெரிந்தவர்கள் கணக்கு வருகிற இடத்துக்குத் தாண்டிப் போய்விடலாம். ஆனால் குழுவின் மூத்தவர்கள் எழுதச் சொன்னதை எழுதாமல் விட எங்களுக்குத் தைரியமில்லை.

இன்றைக்குத் தனுஷ்கோடியின் கோடியில், அரிச்சல்முனையில் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு, அந்த மணல் திட்டில் தினமும் ரயிலுக்கும் கப்பலுக்கும் ஆள் மாற்றிவிட்ட ஒரு துறைமுகம் இருந்தது என்றால் நம்பக் கஷ்டம்தான். 1914க்கு முன்னால் சென்னையிலிருந்து கொழும்பு போக வேண்டுமானால் ரயிலில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து ராத்திரி முழுக்கக் கப்பலில் ஆடிக்கொண்டு போக வேண்டும். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறந்தது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். கப்பலோ பெரிய படகோ குறுக்கே வந்தால் பாலத்தின் நடுக்கண் இரண்டு பக்கமும் மேலே தூக்கிக்கொள்ளும். ஆட்கள் நின்று கையால் நெம்பித் திறப்பார்கள். பாலம் தாண்டிப் பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்தது. கிளைப் பாதை இராமேஸ்வரத்துக்கு, பெரிய பாதை தனுஷ்கோடிக்கு. (இராமேஸ்வரத்துக்காரர்கள் இதை லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கப்பலுக்குப் போகிற வண்டிதான் பெரிய வண்டி, அவ்வளவுதான் சொல்வோம்.)

அதுதான் போட் மெயில். முதல் நாள் இரவு எழும்பூரில் ஏறியவர் மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடி பியரில் (கப்பல் வந்து நிற்கிற பாலத்துறையில்) இறங்குவார். சுங்கச் சோதனை, உடம்புச் சோதனை, அப்புறம் கப்பல். நடுவில் 22 மைல் கடல், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அந்தப் பக்கம் தலைமன்னார் பியரில் இலங்கை ரயில் காத்துக்கொண்டு நிற்கும். விடிந்தால் கொழும்பு கோட்டை.

தென்னிந்திய ரயில்வே முதலில் மூன்று நீராவிக் கப்பல்களை வாங்கி விட்டது: கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். மூன்றும் 1913இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டியவை. பின்னால் இர்வினும் கோஷனும் வந்தன. "நாலு வைஸ்ராயும் ஒரு கவர்னரும் எங்கள் அப்பனுக்கு மூட்டை தூக்க வேலை கொடுத்தார்கள்" என்று எங்கள் குழுவில் ஒரு பெரியவர் சொல்வார். அவருக்கு வயது 88. கப்பலடியில் அவரும் நாலு வருஷம் மூட்டை தூக்கியிருக்கிறார்.

அவர் சொல்லித்தான் இந்தக் கூடத்தின் யோசனையே பிறந்தது. தனுஷ்கோடி ஸ்டேஷனில் ஒரு கரும்பலகை இருந்ததாம். கப்பல் வருகிற நேரம், புறப்படுகிற நேரம், கடல் கொந்தளிப்பால் தாமதம் என்றால் எவ்வளவு தாமதம், எல்லாவற்றையும் தினமும் சாக்கட்டியில் எழுதுவார்களாம். ஊரில் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பலகையைப் பார்க்காமல் யாரும் வேலைக்குப் போக மாட்டார்கள். படிக்கத் தெரிந்தவன் ஒருவன் சத்தமாகச் சொல்வான், அது குடிசை குடிசையாகப் போய்விடும். தலைமன்னார்ப் பக்கம் புகை தெரிந்த பிறகு இட்லி ஊற்றினால் போதும் என்பது எங்களில் ஒருவரின் அப்பத்தா வைத்திருந்த கணக்கு. கப்பல் தாமதம் என்று பலகை சொன்னால் மாவை எடுத்து மூடி வைத்துவிடுவாராம். கருவாட்டு மூட்டை கட்டுகிறவர், வண்டிக்காரர், சேதுக் கரைக்குக் குளிக்க வருகிற யாத்திரிகர்களுக்குச் சங்கல்பம் செய்துவைக்கிற ஐயர், கிளிஞ்சல் விற்கிற முஸ்லிம் காக்கா (அண்ணன்), எல்லாருடைய பிழைப்பும் அந்தப் பலகையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பெருமையைப் பேசும்போது இன்னொன்றையும் பேசியாக வேண்டும். இதில் குழுவுக்குள்ளேயே சண்டை வந்தது. கப்பலில் போனவர்கள் எல்லாரும் முதல் வகுப்பில் கால் நீட்டிப் போனவர்கள் இல்லை. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, நம் இராமநாதபுரம் சீமை என்று பஞ்சம் துரத்திய ஜனங்களைக் கங்காணிகள் (தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கிறவர்கள்) கூட்டிவந்து மண்டபம் முகாமில் அடைத்து வைப்பார்கள். காலரா, அம்மை இல்லை என்று ஆன பிறகு, இலங்கையில் எந்தத் தோட்டம் என்று எண் குத்திய தகரத் துண்டைக் கழுத்தில் கட்டிக் கப்பலேற்றுவார்கள். "நம்ம ஊர்ப் பெருமையைச் சொல்ற இடத்தில் அது எதுக்கு?" என்று சிலர் கேட்டார்கள். கடைசியில் தெற்குச் சுவர் முழுக்க அவர்களுக்கு என்று முடிவானது. கப்பல் லாபத்தில் ஓடியது யாரை ஏற்றி என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

அப்புறம் அவர்களில் பலரின் பேரப்பிள்ளைகள் இதே கடல் வழியாகத் திரும்பியும் வந்தார்கள். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேருக்கு இந்தியக் குடியுரிமை கொடுத்து அழைத்துக்கொள்வது என்று இரண்டு நாட்டுப் பிரதமர்களுக்கும் பேச்சு. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 ராத்திரி கடல் வந்து தனுஷ்கோடியையே எடுத்துக்கொண்டது. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் வண்டி நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு போய்விட்டது. குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. அதன் பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்துதான் போனது. 'இராமானுஜம்' என்ற அந்தக் கப்பலில் வந்திறங்கியவர்கள் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். 1984இல் அதுவும் நின்றது.

புயலைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை. எழுத வேண்டியதெல்லாம் எழுதியாகிவிட்டது, படமும் பிடித்தாகிவிட்டது. எங்கள் வருத்தம் வேறு. "பேய் ஊர்" என்று தலைப்புப் போட்டு வீடியோ போடுகிறார்கள். இடிந்த தேவாலயத்துக்குள் இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு போய் பயந்த மாதிரி நடிக்கிறார்கள். ஐயா, அது எங்கள் தாத்தா பாட்டி கல்யாணம் முடித்த கோயில். அங்கே பேய் இருந்ததில்லை. தினமும் கப்பல் வந்தது, தினமும் கப்பல் போனது. அதைத்தான் இந்தக் கூடத்தில் சொல்லப்போகிறோம். வேறொன்றும் இல்லை.

நடுச்சுவரில் அந்தப் பலகை. தேக்குச் சட்டம், கறுப்புப் பலகை, சாக்கட்டி. எந்த நேரத்தை எழுதுவது என்பதில்தான் பெரிய தகராறு. ஒருவர் கப்பல் மூன்று மணிக்கு என்கிறார், இன்னொருவர் நாலு தாண்டித்தான் என்று சத்தியம் செய்கிறார். மூன்றாமவர் யுத்த காலத்தில் எல்லாமே மாறிப்போனது என்கிறார். யுத்த காலத்தில் வண்டி இராமேஸ்வரத்தில் நிற்காமல் போனதும், ஓடுகிற வண்டியிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டுகளை ஒரு பையன் பொறுக்கிக் கொடுத்ததும், அந்தப் பையன் பின்னால் குடியரசுத் தலைவர் ஆனதும் உங்களுக்குத் தெரியும். அவருடைய அப்பா இராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே யாத்திரிகர்களுக்குப் படகு விட்டவர். கலாம் ஐயா இருந்திருந்தால் இந்த நேரத் தகராறை அவரிடமே கேட்டிருப்போம். இப்போது எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய ரயில்வே கால அட்டவணைகளைத் தேடி நகல் எடுக்க இரண்டு பிள்ளைகளை அனுப்பியிருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு நேரம் கிடைத்தால் வாரத்துக்கு ஒரு வருஷமாக மாற்றி மாற்றி எழுதுவோம். தகராறும் தீரும், பார்க்க வருகிறவர்களுக்கும் சலிக்காது.

சரி, கணக்கு.

மொத்த மதிப்பீடு ₹18,40,000. இதுவரை வந்தது ₹11,65,000. அஸ்திவாரம், சுவர், தூண், மணல் ஏற்றிய செலவு எல்லாம் போக மிச்சம் இல்லை. இனி ஆக வேண்டியது: மேல்தளம் ₹3,20,000. கதவு, ஜன்னல் ₹1,10,000. பலகையும் அதன் சட்டமும் ₹85,000. மின்சார வேலை ₹65,000. பழைய படங்களைப் பெரிதாக்கிச் சட்டம் போட ₹55,000. கொத்தனாருக்குப் பாக்கி ₹40,000. அந்த மனிதர் ஆவணியிலிருந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஜல்லி விஷயத்தில் நாங்கள் ஏமாந்ததையும் மறைக்கவில்லை. ஒருவரிடம் முன்பணம் ₹28,000 கொடுத்தோம். பாதி லோடு வந்தது, ஆள் வரவில்லை. அந்த நஷ்டத்தைக் குழு உறுப்பினர்கள் ஏழு பேரும் ஆளுக்கு ₹2,000 போட்டு அடைத்துவிட்டோம். உங்கள் பணத்தில் கை வைக்கவில்லை.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நாலு சென்ட் இடத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, "என் பேரைக் கல்லில் வெட்டினால் பத்திரத்தைத் திருப்பி வாங்கிடுவேன்" என்று மிரட்டிய அம்மாவுக்கு முதல் வணக்கம். 150 மூட்டை சிமென்ட் அனுப்பிய கீழக்கரை வியாபாரிக்கு, ஒருநாள் வசூல் முழுவதையும் கொண்டுவந்து கொட்டிய ஆட்டோ ஸ்டாண்டுத் தம்பிகளுக்கு, சங்கு மாலை விற்கிற அக்காமார்களுக்கு, பாம்பன் விசைப்படகுத் தொழிலாளர்களுக்கு (தடைக்காலத்தில், வீட்டில் வருமானம் இல்லாத மாதத்தில் கொடுத்தார்கள்), தன் பழைய கை விளக்கையும் விசிலையும் கொடுத்த ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியருக்கு, சிங்கப்பூரிலிருந்து மாதம் தவறாமல் ₹5,000 அனுப்பும் பிள்ளைக்கு. மண்டபம் முகாமில் இருக்கும் ஈழத்துக் குடும்பங்கள் சில்லறையும் நோட்டுமாக ₹4,350 கட்டிக் கொடுத்தார்கள். அதை வாங்கக் கை வரவில்லை. "நாங்களும் கடல் தாண்டி வந்தனாங்கள்தானே" என்று ஒரு அம்மா கையில் திணித்துவிட்டார்.

இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு, முதல் கூட்டத்தில் கை தூக்கிய மற்றவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அன்று பெயர் கொடுத்தவர்கள் 43 பேர். இன்றுவரை கொடுத்தவர்கள் 26. மீதி 17 பேரில் வசதி குறைந்தவர் என்று சொல்ல மூன்று பேர்கூட இல்லை. அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கு வைத்த பேனர் நம் கூடத்தின் சுவரைவிட உயரம். பெயர் எழுதுவதற்கு எங்களுக்கு மனசில்லை, அவரவருக்குத் தெரியும். நன்கொடையாளர் கல்லில் முதல் வரி வேண்டும் என்று கேட்ட அண்ணன்மார்களுக்கு ஒரு செய்தி: தொகைப்படி வரிசை இல்லை, ரசீது நாள்படிதான் வரிசை. முதல் வரி ₹100 கொடுத்த கருவாட்டுக்காரப் பாட்டிக்குப் போய்விட்டது.

சேதுக் கரையில் இருந்துகொண்டு அணில் கதை சொல்லாமல் இருக்க முடியாது. அணில்கள் வந்துவிட்டன, நூறும் இருநூறுமாக மண் சுமந்து கொடுத்துவிட்டன. பாறை தூக்குகிற தெம்புள்ளவர்களும் அணில் மாதிரி மேல் மண்ணை உதறிவிட்டுப் போனால் அணை எப்படி எழும்பும்? இராமநாதசுவாமி உண்டியலில் போடுவதைக் குறைக்கச் சொல்லவில்லை. கச்சத்தீவு அந்தோணியாருக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் நேர்ந்துகொண்டதை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தக் கப்பலில் மூன்று சாமியைக் கும்பிடுகிறவர்களும் ஒரே மேல்தளத்தில் நின்றுதான் போனார்கள். இந்தக் கூடத்தையும் அதே மாதிரி எல்லாருடைய காணிக்கையாகவும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கிறவர்கள் கட்டாயம் ரசீது வாங்குங்கள். குழுவின் முத்திரை போட்ட, எண் அச்சடித்த ரசீது மட்டுமே செல்லும். நம் பெயரைச் சொல்லி யாரோ ஒருவர் பரமக்குடிப் பக்கம் வசூலித்ததாகக் கேள்வி. வங்கி விவரம் ரசீதுப் புத்தகத்தின் அட்டையில் இருக்கிறது; வாட்ஸ்அப்பில் வருகிற வேறு எண்ணுக்கு அனுப்ப வேண்டாம். பணமாகத் தர முடியாதவர்கள் பொருளாகத் தரலாம்: பழைய டிக்கெட், கப்பலடியில் எடுத்த படம், தாத்தாவின் சுமைகூலி வில்லை, தகரத் துண்டு, எது இருந்தாலும். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். தளத்துக்குச் சாரம் வாடகை நாள் ஒன்றுக்கு ₹1,100 ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

திறப்பு நாளில் பலகையில் முதல் வரியை எழுத 88 வயதுப் பெரியவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். பள்ளிக்கூடம் போகாதவர், பலகையைப் பார்த்துப் பார்த்தே எழுத்து கற்றவர். இப்போது கை நடுங்குகிறது, எழுத்து பெரிது பெரிதாக விழுகிறது. அதனால் பலகையை இன்னும் அரையடி அகலமாக்கச் சொல்லியிருக்கிறோம். அந்த ₹4,000 மேலே சொன்ன ₹85,000இல் சேர்ந்திருக்கிறது.

இப்படிக்கு,
கூடக் கட்டுமானக் குழுவினர்