பருத்தித்துறையிலிருந்து, கடனைப் பற்றி

அன்பின் சிவா,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததில் எங்களுக்குப் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் கட்டாருக்குப் போய்விட்டான். இங்கத்தைய சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது என்று ஒரே பிடியாக நின்றான்.

சீனாவிடம் வாங்கிய கடன்தான் இலங்கையை விழுத்தியது என்று எழுதியிருந்தாய். அது பாதிக் கதைகூட இல்லை, மச்சான். நாடு விழுந்த நேரம் வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு ஐந்தில் ஒன்று அளவுதான். சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகம் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அதையே காட்டுகிறார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிணைமுறிக் கடன், அதாவது வெளிநாட்டு முதலீட்டாளருக்கு அரசு கடன் பத்திரம் விற்று வாங்கியது. 2007இல் 50 கோடி டொலரோடு தொடங்கியது, 2022இல் 1,200 கோடியைத் தாண்டி நின்றது. உலக வங்கியும் ஜப்பானும் தந்த கடனுக்கு வட்டி குறைவு, தவணை நீளம். பிணைமுறிக்கோ சந்தை வட்டி. ஐந்து, பத்து வருடத்தில் முதல் தொகையை மொத்தமாகக் கட்ட வேண்டும். அதைக் கட்ட இன்னொரு பிணைமுறி விற்பார்கள். டொலர் உழைக்கும் ஏற்றுமதி அதற்கேற்ப வளரவில்லை. 2019 கடைசியில் பொருளுக்கும் சேவைக்கும் எல்லோரும் கட்டும் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள், பிறகு கொரோனா வந்து சுற்றுலாவும் படுத்தது. அப்புறம் எங்களுக்குக் கடன் கொடுக்க ஆளில்லை.

எனக்கு இன்றும் ஆறாதது 2022 ஜனவரி. மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் தேடி அலைந்த நேரத்தில், 50 கோடி டொலர் பிணைமுறியைக் கட்டி முடித்தார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி, இனிக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அந்தக் காசுக்கு எவ்வளவு டீசலும் சமையல் எரிவாயுவும் இறக்கியிருக்கலாம்!

அந்த வருடம் எங்கள் கடற்கரையில் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கிடந்தன. ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. மீன் விற்ற காசு எண்ணெய்க்கே காணாது என்று பலர் தொழிலுக்குப் போகவில்லை. கடன் வாங்குவதே பிழை என்று நான் சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்ததும் இந்தியா தந்த கடனில்தான். வாங்கியவர்கள் ஒருபக்கம் இருக்க, சுமை வந்து இறங்கிய இடம்தான் என்னைக் கொதிக்க வைக்கிறது.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் 300 கோடி டொலர் தர ஒத்துக்கொண்டது, 17ஆவது தடவையாக. அதே வருடம் உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைத்தார்கள். வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசு உள்நாட்டில் விற்ற கடன் பத்திரங்களைத் தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதியின் முறிகளைக் குறைந்த வட்டிக்கு மாற்றினார்கள். தனியார் கம்பெனியில் வேலை செய்யும் என் தங்கச்சியின் சேமிப்பும் அதில்தான் கிடக்கிறது. 2024 ஜனவரியில் வற் 18 வீதமானது.

அந்த டிசம்பரில் பழைய பிணைமுறிகளுக்குப் புதியவை கொடுத்தார்கள். அதில் ஒரு நிபந்தனை: பொருளாதாரம் குறித்த அளவைவிட வளர்ந்தால் முதலீட்டாளருக்குக் கூடக் கட்ட வேண்டும். மூன்று வருடம் பட்டினி கிடந்து எழும்பினால் அந்த எழுச்சியிலும் அவர்களுக்குப் பங்கு! இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

உன்னிடம் ஒரு உதவி கேட்கிறேன். இப்படிப்பட்ட முறிகளை வாங்குபவர்களில் வெளிநாட்டு ஓய்வூதிய நிதிகளும் உண்டு. உன் ஓய்வூதிய நிதி எந்தெந்த நாட்டு முறிகளை வைத்திருக்கிறது, எங்களுடையது அதில் இருக்கிறதா என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
நாதன்