மார்கழி முதல் நூறு நாள்

ஸ்கார்பரோ,
நவம்பர் 30

அன்புள்ள கல்பனாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை நல்லபடியாக முடிந்தது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலில் நடக்கிறார் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வலிக்கிறது என்று சொன்னாலும் பிசியோதெரபியை நிறுத்தவிடாதே. ஆரம்ப வாரங்களில் அதை விட்டால் பிற்பாடு முட்டியை முழுசாக மடக்குவது கஷ்டம் என்று என்னோடு நீந்த வரும் நர்ஸ் அக்கா உனக்குக் கண்டிப்பாக எழுதச் சொன்னார்.

இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் படிக்க வாட்டர்லூ போய்விட்டாள், வார இறுதியில் துணி துவைக்க வருகிறாள். அவருக்கு இரவு ஷிப்ட் முடிந்து பகல் ஷிப்ட் கிடைத்திருக்கிறது. அதனால் ராத்திரிச் சாப்பாடு மறுபடி எல்லோரும் சேர்ந்துதான்.

இனி நீ கேட்ட விஷயம். அடுத்த வருஷம் கோவாவில் அரை அயர்ன்மேன் ட்ரையத்லானில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் முடிக்க ஆசை, ஆனால் தனியாகப் பயிற்சியைத் தொடங்கினால் ஒரு மாதத்துக்கு மேல் தாங்குவதில்லை, கனடாக் குளிரில் நீ எப்படி விடாமல் செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். இதை இரண்டு வரியில் சொல்ல எனக்கு மனசில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், அம்மா தூங்கும் நேரத்தில் படி.

டிசம்பர் கடைசியில் டொராண்டோவில் பகல் என்பது ஒன்பது மணி நேரம்கூட முழுசாக இல்லை. வேலைக்குக் கிளம்பும்போது இருட்டு, மாலை ஐந்துக்கு முன்னாலேயே சூரியன் போய்விடும், வீடு திரும்பும்போதும் இருட்டு. நானும் என்னோடு பயிற்சி செய்பவர்களும் பதிந்திருப்பது ஜூலையில் ஹன்ட்ஸ்வில்லில் நடக்கும் மஸ்கோக்கா போட்டிக்கு. கோவாவில் உனக்கு உள்ள அதே தூரம்தான்: 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். உனக்குக் கடல், எங்களுக்கு ஏரி. ஜனவரியில் ஒரு நாள் அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்தால் ஜூலையில் அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. உண்மைதான், ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. இன்றைக்கு விட்டதன் நஷ்டம் நாளைக்குத் தெரிவதில்லை. அப்படியே ஒவ்வொரு நாளாக நழுவி, மார்ச்சில் படியேறினால் மேல்மூச்சு வாங்குகிறது. கூட்டாகச் சவால் வைத்துக்கொள்வதன் பலன் என்னவென்று கேட்டால், ஜூலையில் தெரிய வேண்டிய கணக்கை இந்த ஞாயிற்றுக்கிழமையே கண்ணில் காட்டிவிடுகிறது. அதோடு அந்தக் கணக்கைப் பார்க்க இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள்.

குளிர்காலச் சவால்கள் பலவிதம். சைக்கிள் உடைகள் விற்கும் ராஃபா கம்பெனி நடத்தும் ஃபெஸ்டிவ் 500 என்று ஒன்று, டிசம்பர் 24 முதல் 31க்குள் 500 கி.மீ. சைக்கிள் ஓட்ட வேண்டும். அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் நாளிலிருந்து புத்தாண்டு வரை தினம் ஒரு மைலாவது ஓடுவது ஒரு வழக்கம். ட்ரையத்லான்காரர்களிடையே நூறு நாளில் நூறு ஓட்டம் பிரபலம், ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையாமல். கிறிஸ்துமஸ் வாரத்தில் வீட்டில் விருந்தாளிகளை வைத்துக்கொண்டு எட்டு நாளில் 500 கி.மீ. ஓட்டுவது நம்மைப் போன்றவர்களுக்கு ஒத்துவராது. நூறு நாள் யோசனைதான் எனக்குப் பிடித்தது, அதைத்தான் எங்களுக்கு ஏற்றபடி மாற்றி வைத்திருக்கிறோம்.

யார் அதிகக் கிலோமீட்டர் என்று பட்டியல் போடுவது பெரும்பாலான குழுக்கள் செய்வது. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் வாரம் எல்லோருக்கும் உற்சாகம். இரண்டாம் வாரத்தில் ஏற்கனவே நன்றாக ஓடுகிற இரண்டு பேர் மேலே போய்விடுவார்கள், கீழே இருக்கிறவர்கள் பொங்கலுக்கு முன்னால் சத்தமில்லாமல் கழன்றுகொள்வார்கள். யாருக்குச் சவால் தேவையோ அவர்களைத்தான் அந்தப் பட்டியல் முதலில் வெளியே தள்ளுகிறது. நடுவில், போட்டி மும்முரத்தில் ஓட்டத்தை ஒரேயடியாகக் கூட்டி முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி வாங்கிக்கொள்பவர்கள் வேறு.

1920களில் பெர்லினில் ஓட்டோ கோலர் என்ற உளவியலாளர் படகு வலிக்கும் கழகத்துக்காரர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். பளுவைக் கையை மடக்கி மடக்கித் தூக்க வேண்டும், முடியாமல் போகும்வரை. முதலில் தனியாக. அப்புறம் இரண்டு பேராக, பளுவும் இரண்டு மடங்கு. ஒருவர் கைவிட்டால் இருவருக்கும் அத்துடன் சரி. அப்படிச் செய்தபோது, ஜோடியில் பலம் குறைந்தவர் தனியாகத் தாக்குப்பிடித்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். இருவருக்கும் உள்ள வித்தியாசம் நடுத்தரமாக இருந்தபோதுதான் இந்தப் பலன் நன்றாகத் தெரிந்தது. எட்டவே முடியாத வித்தியாசம் இருந்தால் பலன் குறைந்துவிட்டது. நான் இதைப் படித்த நாளிலிருந்து எங்கள் விதிகளை இதை வைத்தே பேசி முடிவு செய்தோம்.

விதி இதுதான். நாலு பேர் ஓர் அணி, பலத்தில் ஓரளவு கிட்டக்கிட்ட இருப்பவர்களாக. நீச்சல், சைக்கிள், ஓட்டம், எதுவானாலும் சரி, ஒரு வேளைக்கு அரை மணி நேரம் குறைந்தபட்சம். வாரத்தில் ஐந்து நாள் செய்தால் போதும். நாலு பேரும் ஐந்து நாளை முடித்தால்தான் அந்த வாரம் அணிக்கு நிறைவாரம். மூன்று பேர் ஏழு நாள் செய்து, ஒருவர் நாலு நாள் செய்தால் அது நிறைவாரம் ஆகாது. வேகத்துக்கும் தூரத்துக்கும் மதிப்பெண் கிடையாது. டிசம்பர் 16 தொடங்கி மார்ச் 25 வரை, நூறு நாள். தொடங்கும் நாள் மார்கழி முதல் தேதியாக அமைந்துவிட்டது. மார்கழியில் விடிவதற்கு முன் தோழிகள் ஒருத்தி வாசலில் நின்று இன்னொருத்தியை எழுப்பி, சேர்ந்து நீராடப் போகும் பாவை நோன்பு நம் ஊரில் எப்போதோ இருந்த வழக்கம்தானே. குளிரில் எழுந்துபோக, வாசலில் ஒருத்தி வந்து கூப்பிட வேண்டியிருக்கிறது.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று நீ கேட்பாய். அணிக்காக உடம்பு சரியில்லாதவர் எழுந்து ஓடக்கூடாது, இதில் நாங்கள் ரொம்பக் கறார். காய்ச்சல், நெஞ்சுச் சளி, காயம் என்று ஒரு வார்த்தை குழுவில் சொல்லிவிட்டால் அந்த நாட்கள் செய்ததாகவே கணக்கு. பொய் சொல்வார்களே என்று தொடக்கத்தில் ஒருவர் சந்தேகப்பட்டார். யாரும் சொன்னதில்லை. தெரிந்தவர்களிடம் பொய் சொல்ல யாருக்கு மனசு வரும்?

என் அணியில் நர்ஸ் அக்கா, நெடுந்தூர ட்ரக் ஓட்டும் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர், மதுரையிலிருந்து வந்து ஐ.டி.யில் வேலை பார்க்கும் ஒரு பெண், நான். போன ஜனவரியில் ஒரு ஞாயிறு, மூன்று பேர் முடித்துவிட்டோம், அண்ணாவுக்கு மட்டும் ஒரு வேளை பாக்கி. அவர் சட்பரி பக்கம் சரக்கோடு நிற்கிறார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்பது அவரை நெருக்குவது போல ஆகிவிடும் என்று சும்மா இருந்தோம். ராத்திரி பதினொன்றுக்கு ஒரு படம் வந்தது. ட்ரக்குகள் நிறுத்தும் இடத்தைச் சுற்றிச் சுற்றி அரை மணி ஓடியிருக்கிறார். மீசை வெள்ளை வெளேரென்று உறைந்திருக்கிறது, தலையில் கட்டிய விளக்கு, பின்னால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளின் புகை. கீழே ஒரு வரி: “நான் ஓடிட்டன், இனி நிம்மதியாப் படுங்கோ.” அந்த வாரம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத்தில் சொல்ல வரவில்லை. மறுநாள் காலை மைனஸ் 14, நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் ஷூவை மாட்டினேன்.

சைக்கிளை இங்கே குளிர்காலத்தில் வெளியே எடுப்பது சிரமம். ஐஸ் உருகுவதற்காக ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள், சங்கிலி துருப்பிடித்துவிடும். அதனால் வீட்டின் கீழ்த்தளத்தில், பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் ஸ்மார்ட் ட்ரெய்னர் கருவியில் பொருத்தி ஓட்டுகிறோம். புதன் ராத்திரி எட்டு மணிக்கு ஸ்விஃப்ட் (Zwift) என்ற சைக்கிள் செயலியில் எல்லோரும் சேர்வோம், நாம் மிதிப்பதற்கேற்ப திரையில் நம் உருவம் ஓட்டும். அதில் எல்லோரையும் ஒன்றாகவே வைத்திருக்க ஒரு வசதி உண்டு. ஒருத்தி 200 வாட்டில் மிதித்தாலும் இன்னொருத்தி 110 வாட்டில் மிதித்தாலும் திரையில் பக்கத்துப் பக்கத்தில்தான் போவார்கள். வேகமானவருக்கும் முழு உழைப்பு, மெதுவானவர் பின்னால் தனியாக விடப்படுவதும் இல்லை. பேசிக்கொண்டே ஓட்டுவோம், கடைசி இருபது நிமிஷம் மட்டும் பேச்சு நின்றுவிடும். ஒன்று சொல்லவேண்டும், காற்றாடி இல்லாமல் வீட்டுக்குள் ஓட்டாதே. வெளியே ஓட்டும்போது காற்று உடம்பைக் குளிர்விக்கிறது, உள்ளே அது இல்லை. பத்து நிமிஷத்தில் முழங்கை நுனியிலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாக விழும். ஹேண்டில் மேல் ஒரு துண்டைப் போட்டு வை, இல்லையென்றால் அந்த உப்பு அங்கிருக்கும் ஸ்க்ரூக்களை அரித்துவிடும்.

நீச்சலுக்குக் குறையே இல்லை. 2015இல் இங்கே நடந்த, அமெரிக்கக் கண்ட நாடுகளின் பான் ஆம் விளையாட்டுக்காகக் கட்டிய நீச்சல் மையம் எங்கள் ஸ்கார்பரோவில்தான் இருக்கிறது, 50 மீட்டர் குளங்கள் இரண்டு. புத்தாண்டை ஒட்டி நூறு தடவை நூறு மீட்டர் நீந்துவது பல ஊர்களில் நீச்சல்காரர்களுக்கு ஒரு வழக்கம். மொத்தம் 10 கி.மீ. நாங்கள் அதை நாலாகப் பங்கிட்டு, ஆளுக்கு 25 நூறு. ஒருவர் நீந்தும்போது மற்ற மூவர் கரையில் நின்று எண்ணுவோம். நர்ஸ் அக்கா இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் நீந்தவே கற்றுக்கொண்டார். அவர் தன் பங்கின் கடைசி நூறை முடித்துச் சுவரைத் தொட்டபோது பக்கத்து லேனில் இருந்த முன்பின் தெரியாதவர்களும் கைதட்டினார்கள்.

ஓட்டத்துக்கு ஹைலண்ட் க்ரீக் ஓரமாகப் போவோம். ஷூவுக்கு மேல் இரும்புப் பல் வைத்த பட்டை மாட்டினால் ஐஸில் வழுக்காது. காட்டன் பனியன் கூடாது, வியர்வையைக் குடித்துவிட்டு உடம்பில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். போகும்போது எதிர்காற்றில் போய், திரும்பும்போது காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி வர வேண்டும். மாற்றிச் செய்தால் வியர்த்த உடம்பில் எதிர்காற்று அடித்துக் குளிர் எலும்புக்குள் போய்விடும். காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால் வெளியே யாரும் ஓடக்கூடாது என்பதும் விதி. அந்தக் குளிரில் பத்து முதல் முப்பது நிமிஷத்துக்குள் திறந்த தோல் உறைந்துபோகலாம்.

அயர்ன்மேன் போட்டி தொடங்கியதே நண்பர்கள் கூடிப் பேசிய பேச்சில்தான். ஓடுபவர், நீந்துபவர், சைக்கிள் ஓட்டுபவர், யாருக்கு உடல்வலு அதிகம் என்று ஹவாயில் நடந்த வாக்குவாதத்தை ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி ஒரு போட்டியாகவே மாற்றிவிட்டார். 1978 பிப்ரவரியில் முதல் அயர்ன்மேன். புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். இன்றைக்கு எல்லோரும் இதைத் தனிமனித சாதனையாகவே பேசுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. போட்டி நாளன்று தனிதான், சரி. அதற்கு முந்தைய எட்டு மாதத்தைத் தனியாகக் கடந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதனால் கேட்கிறேன் கல்பனா, இந்த மார்கழிக்கு நீயும் எங்களோடு சேர்ந்துகொள். நர்ஸ் அக்கா இந்த வருஷம் புதிதாக வருபவர்களுக்கு ஓர் அணி அமைக்கிறார், அதில் இன்னும் ஓர் இடம் இருக்கிறது. உன் வேகத்துக்கு அவர்கள்தான் சரி, என் அணியில் சேர்த்தால் நட்புக்காகச் செய்ததாகிவிடும். குளிர்காலத்தில் நமக்குள் பத்தரை மணி நேர வித்தியாசம். எங்கள் புதன் ராத்திரி எட்டு மணி, உனக்கு வியாழன் காலை ஆறரை. நீ ரேஸ் கோர்ஸில் ஓடப்போகும் நேரம்தானே அது? போனைக் காதில் மாட்டிக்கொண்டு எங்களோடு பேசியபடியே ஓடலாம். கோவாப் போட்டி வழக்கமாக அக்டோபர், நவம்பரில்தான் வருகிறது. மார்ச் வரை வாரம் ஐந்து அரைமணிகள் போட்டுவிட்டால் அதற்குமேல் முறையான பயிற்சிக்கு ஆறு மாதத்துக்கு மேல் உன் கையில் இருக்கும். அம்மாவை விட்டு வெளியே போக முடியாத நாளில் மொட்டை மாடியில் அரை மணி ஓடினாலும் கணக்குதான்.

ட்ரெய்னர் வாங்க இப்போது பணம் போடாதே. உன் சைக்கிளை ஒரு தரம் கடையில் கொடுத்து பிரேக்கையும் டயரையும் பார்க்கச் சொல். நீச்சலுக்கு முதலில் நல்ல கண்ணாடி ஒன்று வாங்கு, மற்றதெல்லாம் பிறகு. அணிகளை டிசம்பர் 14 ராத்திரி எழுதி முடித்துவிடுவோம், அதற்குள் சரி என்று ஒரு வார்த்தை அனுப்பு. உன் போன் நம்பரை அக்காவுக்குக் கொடுக்கிறேன். அவர் ஞாயிறுதோறும் கூப்பிடுவார், அம்மாவின் முட்டியைப் பற்றியும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
மீனா